மழ செஸ்ஸோட பதினாலாவது ரூல்

மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
ஞாயித்துக்கெழம

அன்புள்ள மகள் ரேணுஷாவுக்கு,

இன்னைக்கி காலையில 6.12க்கு அம்மா போன்ல ஒன் மெசேஜ் வந்துச்சி. இங்க நான் சொகம்னு எழுதித்தான் தொடங்கணும், அப்புடியே வச்சிக்க, சாப்புடுறேன், வேலைக்கி போறேன், காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல. ஒன் சொகத்த இத்தன நாளும் அம்மா கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சிக்குவேன், இப்ப கேக்க ஆளில்ல, அதனால ஒங்கிட்டயே கேக்குறேன், சொகமா இருக்கியா. எங்க இருக்கன்னு பொறகு கேக்குறேன்.

மெசேஜுல இருந்தது ஒரே வரி. மழ நின்னுருச்சி அம்மா, ஒங்க மொற. நான் அந்த நேரம் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன், கையில மழ அளக்குற போத்தல். இங்க மழ நின்னது 6.10க்கு. ரெண்டு நிமிசம் கழிச்சி ஒனக்கும் நின்னிருக்கு. கட்டார்ல அப்ப விடியக்காலம் 3.42. என் போன்ல டோஹா காலநெல எடுத்துப் பாத்தேன், சூடு முப்பத்திமூணு, மழ சுத்தமா இல்ல, இந்த மாசம் பூரா இல்ல. 6.14க்கு அம்மா போன் ஒருக்கா அடிச்சி கட்டாச்சி. அதுவும் நீதான். ரெண்டு டிக் விழுந்தத பாத்து பயந்திருப்ப. நான் எடுக்கல. எடுத்தா நீ என்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியும், இங்க ஒரே சூடு பா, டியூட்டிக்கி போகணும் பா, வைக்கிறேன் பா. அத கேக்குறதுக்கு இன்னைக்கி எனக்கு ஏலாது.

அந்த போன அம்மாவ அடக்கம் பண்ண எடுத்துட்டுப் போன மறுநாள் ஓஃப் பண்ணி அலுமாரியில வச்சேன். எட்டு மாசம் தொடல. நேத்து பின்னேரம் அம்மாவோட ஐடென்டிட்டி கார்டு போட்டோ ஒண்ணு தேவப்பட்டுச்சி, அது அந்த போன்ல இருந்துச்சி, அதுக்குத்தான் சார்ஜுல போட்டேன். வைபை புடிச்ச ஒடனே நாலு மெசேஜ் வந்து விழுந்துச்சி. நாலும் ஒன்னோடது, நாலும் ஞாயித்துக்கெழம, நாலும் அதே வரி. ஒரு மாசத்துக்கு முந்தி அனுப்புனதெல்லாம் வழியில போயிருச்சி போல. எத்தன ஞாயிறு இப்புடி அனுப்பியிருக்கன்னு எனக்குத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும். மொதல்ல, பாவம் புள்ள, அம்மா நெனப்புல அனுப்புதுன்னுதான் நெனச்சேன். பொறகு மழ நின்னுருச்சிங்கிறத ரெண்டாவது தடவ வாசிச்சேன். எந்த மழ?

ஒனக்கு என்னத் தெரியும். எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சின்னா லைட் எரியாத ஊட்டுக்கு போன மாதிரிதான், பல்ப புடிச்சிக்கிட்டு நிக்க மாட்டேன், மீட்டர்ல இருந்து தொடங்கி ஒவ்வொரு எடமா டெஸ்டர வச்சிக்கிட்டு வருவேன். அப்புடித்தான் நேத்து பின்னேரம் அம்மாவோட செஸ் கொப்பிய எடுத்து மேசையில விரிச்சேன். இப்ப நான் எழுதப்போறது பாதி ஒனக்குத் தெரிஞ்சதுதான். இருந்தாலும் வரிசையா எழுதுறேன், எங்கயாச்சும் நான் பெசகியிருந்தா நீ காட்டு.

கொப்பியோட மொத பக்கத்துல இருக்குறது ஒன் பொறப்புக்கு முந்தின ரூல். நான் டெக்னிக்கல்ல படிக்கிறப்ப ஹொஸ்டல்ல கத்துக்கிட்ட செஸ்ஸ கலியாணம் முடிச்ச மொத வருசம் அம்மாவுக்கு சொல்லிக் குடுத்தேன், பெக்டரி லேத்துல ரப்பர் கட்டையில காய் கடஞ்சி. மழக்காலம் அது, ரப்பர் பால் வெட்டு இல்லாத காலையெல்லாம் ரெண்டு பேரும் வெளையாடுவோம். மூணாவது ஆட்டத்துலயே அம்மா காய கீழ வச்சிட்டு கேட்டுச்சி, வெளிய இந்த மழ ஊத்துது, பேர் குடுக்குற பெரட்டுக்குக் கூட ஆள் வரல, இந்த சின்ன ஆளுங்க மட்டும் எதுக்கு நடக்குறாங்கன்னு. நான் இது செஸ்ஸு விஜி, இதுல மழ இல்லன்னேன். அப்ப இத தோட்டத்த பாக்காத எவனோ செஞ்சிருக்கான்னு சொல்லிச்சி. அப்புடி வந்ததுதான் மழ செஸ். மழ பெய்யிற வரைக்கும் சின்ன ஆளுங்க, அதான் சிப்பாய்ங்க, நகர மாட்டாங்க, ராஜா ராணி மந்திரிக்கு நாங்க வச்ச பேரு துரை, தொரசானி, கணக்கப்புள்ள, இதுங்களோட கோட்ட, குதிர மட்டுந்தான் நடக்கும். மழயில துரைமாருக்கு நட்டம் இல்லதானே, அதனாலன்னு அம்மா காரணம் எழுதியிருக்கு. அதுக்கு அடுத்தது துரை மாத்தம், இருவது நகத்தலுக்கு ஒருக்கா ரெண்டு துரையும் தோட்டம் மாறணும், கறுப்பு துரை வெள்ளப் பக்கம், வெள்ள துரை கறுப்புப் பக்கம். அத நீ போட்ட, ஒனக்கு அப்ப பத்து வயசு. துரை மாறுனா எனக்கென்னா, மரம் அதே மரந்தானேன்னு சொல்லிக்கிட்டே அம்மா அந்த ரூலுல ஒன்ன எத்தன தடவ தோக்கடிச்சிருக்கும்.

எல்லா ரூலுக்கும் மேல நான் ஒண்ணு போட்டேன். மூணு பேர் கையெழுத்தும் இல்லாம எந்த ரூலும் செல்லாது. நீங்க ரெண்டு பேரும் சேந்து ஆட்டத்துக்கு நடுவுல புது ரூல் போட்டு என்ன கவுக்குறீங்கன்னு எனக்கு சந்தேகம், அதுக்காகப் போட்டது. இன்னொண்ணு, நான் பெக்டரியில ஷிப்ட்டுல இருந்துக்கிட்டு அம்மா லயத்து ஊட்டுல இருந்துக்கிட்டு போன்ல வெளையாட தொடங்குனப்ப வந்தது. நானூறு மீட்டர் கூட இல்ல, ஆனா பெக்டரியில மழ பெய்யும், லயத்துல வெயில் அடிக்கும். அவங்கவங்க மழ அவங்கவங்க ஆளுக்கு. மத்தவங்க வானம் நம்மளுக்குத் தெரியாததால, மழய பத்தி பொய் சொல்லக்கூடாது. வேற எதுல வேணும்னாலும் பொய் சொல்லலாம், ஏமாத்தலாம், மழயில கூடாது. இதுக்கு மூணு பேரும் கையெழுத்து போட்டிருக்கோம், நீ ஒன்னோடத பச்ச பேனையில போட்டிருக்க. அப்பவும் நான் நம்பாம போத்தல் வச்சி அளந்து பாத்திருக்கேன், அத அம்மா சொல்லி சொல்லி சிரிக்கும், பொண்டாட்டிய நம்பாதவன் போத்தல நம்புறான்னு. ஒருக்கா கூட நீங்க ரெண்டு பேரும் மழயில பொய் சொல்லல. அதுதான் இப்ப எனக்கு கெடச்சிருக்குற ஒரே சரியான கம்பி. அத புடிச்சிக்கிட்டுதான் வாறேன்.

நீ கட்டாருக்கு போனது போன வருசம் தையில. அங்க மழ இல்ல, அது அநியாயம்னு அம்மா சொல்லி நீ பதிமூணாவது ரூல் போட்ட, வெள்ளிக்கெழம ஒனக்கு லீவு, அதனால வெள்ளிக்கெழம ஒன் பக்கம் மழன்னு வச்சிக்கணும். அதுல என் கையெழுத்து இருக்கு. அம்மா அன்னையில இருந்து கொப்பிய ரெண்டு பத்தியா கோடு போட்டு வச்சிருக்கு, ஒரு பக்கம் எங்க மழன்னு தலைப்பு, மத்தப் பக்கம் அவ மழன்னு, அது ஒன்னோடது. மாசி, பங்குனி, சித்திர, ஒன் பக்கத்துல வெள்ளி மட்டுந்தான் மழ. ஜூன் 19, புதன்கெழம. ஒன் பத்தியில மழ. அதுக்குப் பக்கத்துல அம்மா ஒண்ணும் எழுதல, பேனையால ஒரு புள்ளி மட்டும் வச்சிருக்கு, கொஞ்சம் அழுத்தி. மறுநாளும் மழ. அதுக்கு மறுநாளும். டோஹாவுல ஜூன் மாசம்.

அப்ப அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். ஒரே ஊட்டுல, ஒரே மேசையில, எனக்கு சோறு போட்டுக்கிட்டு, அம்மா ஒரு வார்த்த சொல்லல. நான் ஒங்கிட்ட பேசுறப்ப பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கும். ஒரு நாள் நீ பேசுறப்ப பின்னால நம்ம ஊருல ரொட்டி வித்துக்கிட்டு வாற சூன் பாண் ஆட்டோ பாட்டு கேட்டுச்சி, அந்த டிங் டிங் பாட்டு, எனக்கு நல்லா கேட்டுச்சி. என்னாடி அது பாண்காரன் சத்தம்னு கேட்டேன். நீ, யாரோ போன் ரிங்டோன் பா, இங்க நம்ம நாட்டு ஆளுங்க நெறைய தானேன்னு சொன்ன. நான் அம்மாவ பாத்தேன், அம்மா அப்பத்தான் அடுப்பு ஊதணும்னு குனிஞ்சிச்சி. கேஸ் அடுப்ப.

அவ மழன்னு போட்டிருந்த பத்திய நான் பெக்டரி மழ பொத்தகத்தோட வச்சி ஒப்பிட்டேன். மத்த நாள்ல ஒன் மழ எங்க மழ இல்ல, எங்களுக்கு முந்தி ஒரு மணித்தியாலம், ஒண்ணர மணித்தியாலம், கொஞ்சம் கூடுதலா. கடல் பக்கத்துல இருந்து மழ ஏறி வாற வழி எனக்குத் தெரியும், அது அவிசாவளை பக்கத்து மழ. செப்டெம்பர்ல இருந்து ஞாயித்துக்கெழம மட்டும் ஒன் மழயும் எங்க மழயும் ஒண்ணு, நிமிசம் தவறாம. தெஹியோவிட்ட டவுன்ல கூட அப்புடி ஒத்து வராது, அங்க நிக்க அர மணித்தியாலம் பிந்தும். அப்ப வாரத்துல ஆறு நாள் நீ அவிசாவளையில எங்கயோ கார்மென்ட்ல இருக்க, ஞாயித்துக்கெழம இந்த மலைக்கி அடியில வாற. அடியில இருக்குறது சந்தி. சந்தியில ஒனக்கு தெரிஞ்ச ஊடு ஒண்ணுதான், ஷிப்னாவோட கம்யூனிகேசன் கட, அதுக்கு மேல மாடியில உள்ள காம்பரா அற.

அந்தப் புள்ள ஒங்கூட ஸ்கூலுக்கு போன காலத்துல இருந்து என்ன கண்ட ஒடனே மாமா டீ குடிக்கிறீங்களான்னு கேக்கும். இப்ப கொஞ்ச நாளா போட்டோகொப்பி எடுக்கப் போனா கண்ணப் பாக்காது, மெஷினையே பாத்துக்கிட்டு நிக்கும். போன மாசம், ரேணு ஒங்கிட்ட பேசுதா புள்ளன்னு சும்மா கேட்டேன். எப்பவாச்சும் மாமா, அங்க டைம் வேறதானே, அப்புடின்னுச்சி. நான் டைம கேக்கல.

செப்டெம்பர் 14 அம்மா பல்லு புடுங்கணும்னு அவிசாவளைக்கி போச்சி. வெட்டு இருந்த நாள், ஒரு நாள் பேரயும் சம்பளத்தயும் விட்டுட்டு போச்சி, அது அம்மா வழக்கம் இல்ல. வந்ததும் எந்தப் பல்லுன்னு கேட்டேன். எடது பக்கம் காட்டுச்சி. மறுநாள் காலையில எடது பக்கத்தால கரும்பு கடிச்சிக்கிட்டு இருந்துச்சி. பொம்பளைங்க விசயம், கேட்டா சண்ட வரும்னு விட்டுட்டேன். கொப்பியில அந்த தேதிய பாத்தேன். ரெண்டு பத்தியிலயும் தனித்தனியா எழுதல. நடுக்கோட்டுக்கு மேலயே, ரெண்டு பக்கமும் படுற மாதிரி, ஒரே ஒரு மழ எழுதியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கி எங்கயோ ஒரே கூரைக்கி அடியில இருந்திருக்கீங்க. அம்மா முகத்த நீ பாத்திருக்க. அது எனக்கு ஒரு பக்கம் நல்லதாத்தான் படுது, மத்தப் பக்கம் என்னா படுதுன்னு எனக்கே தெரியல, எட்டு மாசமா எல்லாமே அப்புடித்தான்.

இப்ப எழுதப்போறத வாசிக்கிறப்ப நீ ஒக்காந்துக்க. அம்மாவ எடுத்த அன்னைக்கி, ஒக்டோபர் 23, மழ பேஞ்சது ஒனக்குத் தெரியும். எப்புடித் தெரியும்? நான் சொல்லல. முந்தின நாள் பின்னேரம் நான்தான் ஒனக்கு போன் பண்ணி அம்மா போயிருச்சின்னு சொன்னேன், நீ லீவு தர மாட்டேங்குறாங்க பா, பாஸ்போட் அவங்க கையிலன்னு சொன்ன. நான் நம்புனேன். அன்னைக்கி காலையில அம்மா நடு ஊட்டுல கெடக்குறப்ப கரண்ட் போச்சி. நான் எந்திரிச்சி பெக்டரிக்கு நடந்து போயி ஜெனரேட்டர போட்டுட்டு லொக் புக்ல எழுதிட்டு வந்தேன். எதுக்கு போனேன்னு எனக்குத் தெரியாது, கால் போச்சி. செல்லையா மாமா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு, பொண்டாட்டி கெடக்குறா, இவன் மெஷினுக்கு வாய்க்கரிசி போட போறான்னு. தப்பில்ல, அப்புடித்தான் இருந்துச்சி. அந்த லொக் புக்க இன்னைக்கி காலையில போயி பாத்தேன். 10.31 மெயின் ட்ரிப், கடும் மழ. 11.15 மழ நின்னது. என் கையெழுத்து நேரா, அழகா இருக்கு. அம்மா போன்ல அன்னைக்கி ஒன்னோடது ரெண்டு மெசேஜ். 10.33, மழ அம்மா, என் ஆளுங்க நகர முடியாது. 11.17, மழ நின்னுருச்சி அம்மா, ஒங்க மொற.

நாங்க அம்மாவ தூக்கிக்கிட்டு 11.20க்கு எறங்குனோம். சந்திய தாண்டித்தான் போனோம். ஷிப்னா கடைக்கி மேல ஜன்னல் அரவாசி சாத்தி இருந்துச்சி, நான் பாத்தேன், எதுக்கு பாத்தேன்னு தெரியல. நீ அங்க இருந்தியா. இருந்துக்கிட்டு எறங்கி வரலயா. நான் இத கோவமா கேக்கணும், கோவம் வரல, அது வராம இருக்குறதுதான் எனக்கு பயமா இருக்கு. யாரையாச்சும் கலியாணம் முடிச்சிட்டியா, புள்ள ஏதும் இருக்கா, யாராச்சும் ஒன்ன மெரட்டி வச்சிருக்காங்களா, கட்டார்ல எவனாச்சும் ஒன்ன என்னமும் செஞ்சானா, அதுக்காகத்தான் அஞ்சே மாசத்துல திரும்பி வந்தியா, நேத்து ராத்திரி பூரா ஒவ்வொண்ணா வச்சிப் பாத்தேன். ஒண்ணும் மழ மாதிரி ஒத்து வரல.

பொறகுதான் பதினாலாவது ரூல் கண்ணுல பட்டுச்சி. தேதி ஜூன் 20. நீ மொத மழ சொன்ன நாளுக்கு மறுநாள். அம்மா எழுத்து. சின்ன ஆளு ஒண்ணு கடைசிக் கட்டம் வரைக்கும் போனா அது தொரசானி ஆவ வேண்டியதில்ல, வெளிய போயிரும். வெளிய போன ஆளு எப்ப வேணும்னாலும் திரும்பி வரலாம். தான் மொதல்ல நின்ன கட்டத்துலயே வந்து நிக்கலாம். எதிராளி கேள்வி கேக்கக்கூடாது. எதிராளி போயி இழுத்துக்கிட்டு வரவும் கூடாது, அது தானா வரணும். மழயா இருந்தாலும் வரலாம். கீழ அம்மா கையெழுத்து இருக்கு. நீ போன்ல போட்டோவுல பாத்து சரின்னு அனுப்புனத அம்மா ஒன் பேருக்கு நேரா எழுதியிருக்கு. மூணாவது எடம் வெறுமையா கெடக்கு.

அந்த எடம் ஏன் வெறுமையா கெடக்குதுன்னு எனக்கு ஞாபகம் வந்துச்சி. அம்மா அன்னைக்கி கொப்பியையும் பேனையையும் கொண்டாந்து என் முன்னால வச்சிச்சி, நான் பேன் மோட்டார் ஒண்ண கழட்டிக்கிட்டு இருந்தேன். வாசிச்சிட்டு, இது செஸ்ஸே இல்ல விஜி, வெளிய போன காய் போனதுதான், திரும்பி வரலாம்னா எதுக்கு ஆட்டம்னு சொன்னேன். அம்மா, போட்டா என்னா கொறஞ்சிரும், நீங்களா வெளையாடுறீங்கன்னு கேட்டுச்சி. வெளையாடாதவன் கையெழுத்து எதுக்குன்னு நான் திருப்பிக் கேட்டேன். அம்மா அதுக்குப் பொறகும் ரெண்டு தடவ அந்தக் கொப்பிய கொண்டாந்து வச்சிச்சி. ஒரு தடவ நான் வாசிக்கவே இல்ல. அது என்னா கேக்குதுன்னு எனக்கு சத்தியமா தெரியாது ரேணு. ஊரு பூரா கரண்ட் லீக் தேடுறவன், என் மேசைக்கே கொண்டாந்து வச்சத பாக்கல.

போன்ல அந்த நாளுக்கு நேரா போயி பாத்தேன். ஜூன் 21, நீ கேட்டிருக்க, அப்பா கையெழுத்து எங்க. அம்மா எழுதியிருக்கு, போடுவாரு, பொறு. ஓகஸ்ட்ல நீ, அப்பா போட்டாரா. அம்மா, இன்னும் இல்ல. செப்டெம்பர் 15, பல்லு புடுங்குன மறுநாள், நீ, அப்ப செல்லாதுதானே அம்மா. அதுக்கு அம்மா பதில் அனுப்பல. கரும்பு கடிச்சிக்கிட்டு இருந்துச்சின்னு சொன்னேனே, அந்தக் காலையிலதான்.

நீ போறதுக்கு முந்தின நாள் நான் சொன்னதும் எனக்கு மறக்கல. கேம்பஸ் வேணாம்னு சொல்லி யுனிவர்சிட்டி பாரத்த நீ கிழிச்சப்ப, போ, போனா ரெண்டு வருச கான்ட்ராக்ட் முடியாம இந்த வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னேன். லயத்துல நாலு பேர் கேக்க சொன்னேன். அத நான் பேச்சுக்கு சொன்னேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீ அத ரூலா எடுத்திருக்க. எங்க ஊட்டுல ரூல்னா ரூல், அப்புடி ஒன்ன வளத்ததும் நான்தான். அம்மா அதுக்குத்தான் கேள்வி கேக்காம, சண்ட போடாம, செஸ்ஸுக்குள்ள ஒரு வாசல் வச்சிப் பாத்திருக்கு. நான் அத சாத்திட்டேன். அம்மாவ எடுத்த அன்னைக்கி கூட அது சாத்தித்தான் கெடந்திருக்கு.

இப்பவும் சந்தேகம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அஞ்சு மாசத்துல ஏன் திரும்புன, அத நீ அம்மாகிட்ட சொல்லியிருப்ப, எங்கிட்ட இன்னும் சொல்லல. ஷிப்னாவும் அதுவோட வாப்பாவும் எவ்வளவு நாளா இத மறைக்கிறாங்க, எனக்குத் தெரியாம ஊருல வேற யாருக்கெல்லாம் தெரியும், செல்லையா மாமாவுக்கு தெரியுமா. அவரு கூட போன கெழம நான் தனியா போர்ட வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குறத பாத்துட்டு, என்னா சதீஸ், ரெண்டு பக்கமும் நீயே ஆடுனா தோக்குறது யாருன்னு கேட்டாரு, அதுல ஏதும் இருக்கான்னு இப்ப யோசிக்கிறேன். தங்கம்மா அக்கா வேற, நாப்பத்தொண்ணு ஒரு வயசா தம்பி, வெளிய இருக்குற புள்ள வந்து சோறாக்கவா போகுதுன்னு ரெண்டாங் கலியாணத்துக்கு ஒரு எடத்த பத்தி பேசுது. வெளிய இருக்குற புள்ளன்னு சொல்றப்ப அது சிரிச்ச மாதிரியும் இருந்துச்சி. இப்புடியே போனா நாய் கொரைக்கிறதுலயும் அர்த்தம் தேடுவேன். அதனால நிறுத்துறேன்.

நான் சந்திக்கி எறங்கி வந்து கதவ தட்டலாம், பத்து நிமிச நட. வர மாட்டேன். நீ பின்பக்கத்தால போயிருவ, அது ஒரு காரணம். எதிராளி போயி இழுக்கக்கூடாதுன்னு அம்மா எழுதியிருக்கு, அது மத்தக் காரணம். இந்தக் கடிதத்த கவருல போட்டு ஒன் பேர மட்டும் எழுதி, அட்ரஸ் எழுதாம, ஷிப்னா கையில குடுத்து, இத ரேணுவுக்கு அனுப்பிரு புள்ளன்னு சொல்லப்போறேன். கட்டாருக்கு அனுப்புறதுன்னா அது மொதல்ல அட்ரஸ் எங்க மாமான்னு கேக்கும், முத்திர கேக்கும். கேட்டா நான் நெனச்சது எல்லாம் பெசகு, சிரிச்சிட்டு திருப்பி வாங்கிக்கிட்டு வந்து அடுப்புல போட்டுருவேன், நீ இத எப்பவும் வாசிக்க மாட்ட. நீ இத வாசிக்கிறன்னா, அது அட்ரஸ் கேக்கல.

போர்ட கொப்பிய பாத்து நேத்து அடுக்கிட்டேன், அம்மா விட்ட எடத்துல. கறுப்புல ஒன் ஆளு ஒண்ணு போன வருசம் ஆனியிலயே கடைசிக் கட்டத்துக்கு போயிருச்சி, அத அம்மா வெளிய எடுத்து ஒரு டம்ளருக்குள்ள போட்டு சாமி தட்டுல வச்சிருந்துச்சி, நான் இத்தன மாசமா அத திருநீத்து டம்ளர்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப மேசையில வச்சிருக்கேன். அதோட கட்டம் காலியா இருக்கு. பதினாலாவது ரூலுக்கு மூணாவது எடத்துல இன்னைக்கி காலையில 7.05க்கு கையெழுத்து போட்டேன், பேர முழுசா எழுதி, தேதியும் போட்டு. எட்டு மாசமும் பிந்திருச்சி, அதுக்கு முந்தின நாலு மாசமும் பிந்திருச்சி. ஆனா ரூல் இப்ப செல்லும். கேள்வி கேக்க மாட்டேன், மேல இவ்வளவு கேள்விய எழுதிட்டு இப்புடி சொல்றேன்னு நெனைக்காத, அது கடிதத்துல கேட்டது, போர்டுக்கு முன்னால கேக்க மாட்டேன். நீயா எப்ப சொன்னாலும் சரி.

தண்ணிய கொதிக்க வச்சி ஆற வச்சி குடி. அழுக்குத் தண்ணி ஓடுற கான் ஓரமா வெறுங்காலோட நடக்காத, அம்மாவுக்கு வந்தது அந்த எலிக்காய்ச்சல்தான், மூணு நாள் சாதாரண காய்ச்சல்னு நான்தான் பனடோல் குடுத்துக்கிட்டு இருந்தேன், ஒனக்கு காய்ச்சல்னா மொத நாளே போயி ரத்தம் காட்டு. குறுக்கு வழியில வராத, அட்ட நெறைய, மழக்கி மண்ணும் சரிஞ்சி கெடக்கு, பெரிய பாதையாலயே வா. நீ நல்லா இருக்கணும், அம்மா எங்க இருந்தாலும் ஒன் பக்கத்து மழய எழுதிக்கிட்டுதான் இருக்கும், அதோட ஆசிர்வாதமும் என்னோடதும் ஒனக்கு எப்பவும் இருக்கும். ஞாபகம் வச்சிக்க, நேரம் பாக்க வேணாம், கதவு தாப்பா போடல, மழயா இருந்தாலும் வரலாம்னு ரூல்லயே இருக்கு.

இப்படிக்கு,
பதினாலாவது ரூலுக்குக் கையெழுத்து போட்ட அப்பா,
சதீஸ்குமார்

இனி ஆட்டத்த போன்ல அனுப்பாத, வந்து கையால வை. அம்மாவோடதையும் என்னோடதையும் ஓஃப் பண்ணிட்டேன்.